பட்டறையில் விட்ட வண்டிக்குச் சேதம் நேர்ந்தால்

சொந்த ஊரில் வண்டி பழுதுபட்டால் நமக்குக் கவலை குறைவு. தெருமுனைப் பட்டறைக்காரர் நம் தந்தையாரை அறிவார். நாம் அவருடைய மக்களை அறிவோம். வண்டியை நிறுத்திவிட்டு, "மாலையில் வருகிறேன், அண்ணே" என்று ஒரு சொல் சொல்லி வந்துவிடுவோம். பின்னர் ஏதேனும் குறை காணப்பட்டால், அந்த ஒரு சொல்லே சாட்சியாகும். தில்லியிலோ, நாகபுரியிலோ, புவனேசுவரத்திலோ பிழைப்பின் பொருட்டுக் குடியேறிய நம்மவர்க்கு இந்த வசதி இல்லை. பட்டறை நடத்துபவர் யாரோ, நாம் யாரோ. இடையில் மொழியும் ஒரு திரையாக நிற்கும். அங்கே வாய்ச்சொல்லின் இடத்தைக் காகிதமே ஏற்க வேண்டியிருக்கிறது.

நமக்கு நேர்ந்ததொன்றை இங்கே கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் நம் காரை, பிரேக்கைச் சரிசெய்வதற்காக ஒரு பட்டறையில் விட்டோம். மூன்றாம் நாள் மாலை மீட்கச் சென்றபோது, இடப்பக்கப் பின்கதவில் ஒரு முழ நீளக் கீறலும், அதனடியில் கையகலப் பள்ளமும் காணப்பட்டன. மேலாளரை அழைத்துக் காட்டினோம். அவர் சற்றும் தயங்காமல், "யஹ் தோ பஹலே ஸே தா, ஸாஹப்" என்றார். இது முன்பே இருந்தது என்பது பொருள். மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்டவர் நாம். எனினும் அந்த எளிய வாக்கியத்துக்கு மறுமொழி அப்போது நமக்குத் தோன்றவில்லை.

மறுமொழி சட்டத்தில் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவில் ஒப்படைப்பு என்பதை வரையறுக்கிறது. ஒரு நோக்கத்துக்காக ஒருவர் தம் பொருளை மற்றொருவரிடம் கொடுத்து, நோக்கம் நிறைவேறியதும் திரும்பப் பெறுவதே அது. நகையைச் செப்பனிடக் கொடுப்பதும், துணியை வெளுக்கப் போடுவதும், வண்டியைப் பட்டறையில் விடுவதும் இவ்வகையினவே. பொருளைப் பெற்றுக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள மனிதர் ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனத்துடன் காப்பாரோ அவ்வளவு கவனத்துடன் அதனைக் காத்தல் வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. ஒப்படைத்த நோக்கத்துக்குப் புறம்பாக அதனைப் பயன்படுத்தினால், அப்போது நேரும் சேதத்துக்கு அவரே ஈடு செய்ய வேண்டும் என்கிறது 154ஆம் பிரிவு.

ஆயினும் பல பட்டறைகளின் சுவரில், "வண்டிகள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்னும் பலகை தொங்கும். அதனைக் கண்டு நம்மவர் பலர் மனந்தளர்ந்து திரும்பிவிடுகின்றனர். பலகை எழுதியதனாலேயே பொறுப்பு நீங்கிவிடாது. 1998இல் தில்லியில் ஓர் ஓட்டலின் ஊழியரிடம் விருந்தினர் ஒருவர் காரையும் சாவியையும் ஒப்படைத்தார். கார் களவு போயிற்று. வண்டி உரிமையாளரின் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது என்று சீட்டில் அச்சிட்டிருப்பதை ஓட்டல் சுட்டிக்காட்டியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2019 நவம்பரில் முடிவு கண்டது. ஒப்படைத்த வண்டி திரும்பி வராதபோது, தம்மிடம் கவனக்குறைவு இல்லை என்று விளக்கும் கடமை முதலில் ஒப்படைப்பைப் பெற்றவருடையது. தம் கவனக்குறைவை அத்தகைய வாசகத்தின் பின்னே மறைத்துக்கொள்ள இயலாது என்று நீதிமன்றம் கூறியது. பட்டறைக்கும் இக்கருத்தை எடுத்துக்காட்டி வாதிடலாம்.

ஒன்றை மட்டும் நாமும் நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டறைக்காரர் நம் வண்டிக்குக் காப்பீடு அளித்தவர் அல்லர். துருவேறிய பழைய போல்ட் கழற்றும்போது முறிந்தால், அல்லது உரிய கவனம் செலுத்தியும் தடுக்க இயலாத இழப்பு நேர்ந்தால், அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவருடைய கவனக்குறைவால் வந்த சேதத்துக்கே அவர் பொறுப்பு. ஆகவே, கொடுத்தபோது வண்டி எந்நிலையில் இருந்தது, திரும்பியபோது எந்நிலையில் இருந்தது என்பதைக் காட்டுவதே நம் வேலை.

அன்று நமக்குக் கைகொடுத்தது ஜாப் கார்டு என்னும் வேலைச்சீட்டு. வண்டியின் வெளித்தோற்றத்தைக் குறிக்கும் கட்டத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. நாமும் அதனைக் கவனியாமல் கையெழுத்திட்டிருந்தோம். ஆனால், வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர் கணக்கு பட்டறை ஊழியரின் கையெழுத்திலேயே பதிவாகியிருந்தது. வண்டியிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்; 41 கிலோமீட்டர் கூடியிருந்தது. பிரேக்கைச் சோதிக்க இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் போதுமே. மிச்சம் எங்கே ஓடிற்று என்று கேட்டோம். மேலாளர் உள்ளே சென்று பையன்களை விசாரித்தார். திரும்பி வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது. கதவைத் தம் செலவிலேயே பள்ளம் நீக்கி வண்ணம் பூசித் தருவதாக எழுதிக் கொடுத்தார். அந்த ஓர் எண் பதிவாகாதிருந்தால், செலவு முழுவதும் நம் தலையில் விழுந்திருக்கும்.

ஆகையால், வண்டியை விடும்போது செய்ய வேண்டியவை சில உண்டு. நாற்புறமும், உள்ளேயும், கிலோமீட்டர் எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்க. வேலைச்சீட்டில் கிலோமீட்டர் கணக்கு, எரிபொருள் அளவு, மாற்றுச் சக்கரம், முன்பே உள்ள கீறல்கள், செய்ய வேண்டிய வேலை, மதிப்பீட்டுத் தொகை, திரும்பத் தரும் நாள் ஆகியவற்றைக் குறிக்கச் சொல்லி ஒரு படியைப் பெறுக. வடநாட்டில் "கச்சா பில்", "பக்கா பில்" என்று இருவகை உண்டு. வரி மிச்சமாகும் என்று சொல்லிக் கடையின் பெயரும் இல்லாத துண்டுக் காகிதத்தை நீட்டுவார்கள். அதுவே கச்சா பில். அதனால் மிச்சமாவது சிறு தொகை. பின்னர் இப்பட்டறையில்தான் வண்டி இருந்தது என்று காட்டச் சான்றில்லாமற் போவது பேரிழப்பு. சொல்வழக்கிலும் கவனம் வேண்டும். நாம் டிங்கரிங் என்று சொல்வதை அங்கே டென்டிங் என்பர்.

வண்டியை மீட்கும்போது பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். "வேலை திருப்தி" என்று அச்சிட்ட தாளில், பார்க்குமுன் கையெழுத்திடலாகாது. சேதம் தென்பட்டால் அதனை அத்தாளிலேயே எழுதிக் கையெழுத்திடுக. கூலியைத் தர மறுத்துச் சண்டையிடுதலும் நன்றன்று. செய்த வேலைக்குரிய கூலி கிடைக்கும் வரை வண்டியை நிறுத்திவைக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு பட்டறைக்காரருக்குத் தந்திருக்கிறது. பணத்தைச் செலுத்தி, ரசீதில் "ஆட்சேபத்துடன் செலுத்தியது" என்னும் கருத்தை அவருக்கு விளங்கும் மொழியில் எழுதி, வண்டியை மீட்பதே விவேகம். பின்னர் வேறிரண்டு பட்டறைகளில் சேதத்தைச் சீர்செய்யும் செலவுக்கு எழுத்து மதிப்பீடு பெறுக. உடைந்த உறுப்பை எறிந்துவிடாதீர்.

அடுத்தது கடிதம். வண்டியை விட்ட நாள், மீட்ட நாள், சேதம், கோரும் தொகை, மறுமொழிக்குப் பதினைந்து நாள் தவணை ஆகியவை மட்டும் அதில் இருந்தால் போதும், வசைமொழி வேண்டா. அதனை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பாதுகாத்திடுக. பலன் இல்லையேல் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் உடையவர் அல்லர். எனினும் இருதரப்பையும் தொடர்புகொண்டு இணக்கம் காண முயல்வர்.

அதுவும் பயன்படாதபோது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர் மாறுவோர்க்கு ஒரு பெரிய நன்மை செய்துள்ளது. முன்னிருந்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்திலோ, சம்பவம் நேர்ந்த இடத்திலோதான் புகார் தர இயலும். இப்போது புகார்தாரர் வசிக்கும் இடத்திலும், வேலை செய்யும் இடத்திலும் தரலாம். நாகபுரியில் வண்டிக்குச் சேதம் நேர்ந்து, அடுத்த மாதமே புவனேசுவரத்துக்கு மாற்றலானவர் புவனேசுவரத்திலேயே வழக்காடலாம். சம்பவம் நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையாயின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தல் கட்டாயமன்று. இ-ஜாக்ரிதி என்னும் இணையத்தளம் வாயிலாகவும் தாக்கல் செய்யலாம். சோதனைக்கூட ஆய்வு தேவைப்படாத புகார்களை மூன்று மாதத்துள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் நீள்வதும் உண்டு. ஆதலால், இடையில் நியாயமான சமரசம் வந்தால் அதனை எழுத்தில் பெற்று ஏற்பது தவறன்று.

காப்பீட்டு நிறுவனத்திடம் ஈடு கோரும் வழியும் சிலருக்கு இருக்கலாம். ஆயின், சொந்தச் சேதத்துக்குக் கோரினால், கோரிக்கையின்றிக் கழித்த ஆண்டுகளுக்காகக் கிடைத்துவந்த தள்ளுபடி போய்விடும். சிறு சேதமாயின் இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஒரே சேதத்துக்கு இரு இடத்தில் ஈடு பெறவும் இயலாது.

அன்று கதவு சீராகி வந்தது. அதன்பின் நாம் அப்பட்டறைக்கே மீண்டும் சென்றிருக்கிறோம். எம்மைக் கண்டதும் மேலாளர் வேலைச்சீட்டை எடுத்து, வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, எல்லாக் கட்டங்களையும் தாமே நிரப்புகிறார். இருவருக்கும் அதில் மனத்தாங்கல் இல்லை. அறியாத ஊரில் அறிமுகம் உண்டாவதற்கும் எழுதிய காகிதம் ஒரு வழியாகிறது.