நிறத்தை அளந்தறிதல்: ஒளிப்படத் திருத்தத்திற்குக் கணினித்திரையை ஆயத்தப்படுத்துதல்

நிறத்தைக் குறிக்கும் சொற்களுக்கு எல்லைக்கோடு திட்டமாக அமைவதில்லை. பச்சை என்பது இன்று இலையின் நிறம். ஆயினும் பசும்பொன் என்னுமிடத்து அதன் அடிச்சொல் பொன்னின் மஞ்சளைச் சுட்டுகிறது. மாநிறம் என்று நாம் கூறும்போது மேனியின் எத்தனையோ சாயல்கள் அவ்வொரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன. பேச்சு வழக்கிற்கு இந்நெகிழ்வு குறையன்று, வளமே. ஒளிப்படத் திருத்தத்திற்கோ அது போதாது. ஆங்கு நிறம் எண்களால் குறிக்கப்படுகிறது.

சிவப்பு 150, பச்சை 100, நீலம் 75 என்னும் மூவெண் தொகுதியைக் கொள்வோம். இது மாநிறத்துள் அடங்கும் ஒரு பழுப்பு. இதே எண்கள் ஒரு திரையில் செம்பழுப்பாகவும் மற்றொரு திரையில் வெளிறிய பழுப்பாகவும் தோன்றக்கூடும். எண் ஒன்றே; திரைகள் அதனை ஒலிக்கும் முறையே வேறு. இவ்வேறுபாட்டைக் களையும் பணியை அளவுதிருத்தம் என்கிறோம்.

இப்பணியின் தேவை நம் இல்லங்களிலேயே உள்ளது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குடும்பங்கள் தம் பழைய வண்ணப்படங்களை மின்னிலக்கமாக்கி வருகின்றன. 1970களில் அச்சிடப்பட்ட படங்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் விரைந்து மங்கியமையால் செம்மை படர்ந்துள்ளது. அவற்றை மீட்கும்போது முன்னோரின் மேனிநிறம் எதுவென்று முடிவு செய்வோர் நாமே. மூலப்படம் மேலும் மங்கும். நாம் திருத்திய கோப்பே பின்வருவோர்க்குச் சான்றாக எஞ்சும்.

கண் மட்டும் ஏன் போதாது?

மனிதக் கண் சூழலுக்கேற்பத் தன்னை இசைவித்துக்கொள்ளும் இயல்புடையது. மஞ்சள் விளக்கொளியிலும் நண்பகல் வெளிச்சத்திலும் வெண்தாள் நமக்கு வெண்மையாகவே தோன்றுகிறது. அவ்வாறே, நீலம் மிகுந்த திரையும் சில நிமிடங்களில் இயல்பான வெண்மையாகிவிடுகிறது. அத்திரையை நம்பித் திருத்துவோர், நீலத்தை ஈடுசெய்ய மஞ்சளைக் கூட்டுவர். அச்சில் முகங்கள் மஞ்சள் பாய்ந்து வரும். ஒளி மிகுந்த திரையில் திருத்துவோர் படத்தை இருளச் செய்வர்; அச்சு கருத்து வரும்.

பொது அளவைகள்

ஒளி, நிறம் பற்றிய பன்னாட்டு ஆணையம் 1931இல் நிறங்களை எண்களால் அளக்கும் முறையை வகுத்தது. 1996இல் ஹியூலெட் பேக்கார்ட், மைக்ரோசாப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் எஸ்ஆர்ஜிபி என்னும் பொது நிறவெளியை முன்மொழிந்தன. இணையத்தில் நாம் காணும் படங்களுட் பெரும்பாலானவை அதனையே பின்பற்றுகின்றன. இவ்வளவையின்படி வெண்மை ஏறத்தாழ 6,500 கெல்வின். காமா என்னும் ஒளிப்படிநிலை ஏறத்தாழ 2.2. அச்சிடுவோர் திரையின் ஒளிர்வைப் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை அமைத்துக்கொள்கின்றனர். கடையிலிருந்து வரும் புதிய திரை இதனினும் மிக்க ஒளியுடன் இருப்பதே வழக்கம்.

செய்முறை

முதலில் இடத்தைச் சீர்செய்தல் வேண்டும். சாளர வெளிச்சம் திரைமீது நேரே விழலாகாது. அறை விளக்கு நாள்முழுதும் ஒரே தன்மையதாயிருத்தல் நன்று. எதிர்ச்சுவர் அடர்நிறமாயின் அதன் சாயல் திரையில் எதிரொளிக்கும். சாம்பல் நிறமே ஏற்றது.

அடுத்து, திரையைத் தொழிற்சாலை அமைப்பிற்கு மீட்டு, இரவுநேர ஒளிமாற்றம், தானியங்கி ஒளிர்வு, நிறங்களை மிகைப்படுத்தும் காட்சிமுறை ஆகியவற்றை அணைத்தல் வேண்டும். அளப்பதற்கு முன் திரை அரைமணி நேரமாவது எரிந்திருத்தல் வேண்டும். அதன்பின்னரே ஒளி நிலைபெறும்.

பின்னர் நிறமானி என்னும் சிறு கருவியைத் திரைமீது பொருத்துகிறோம். மென்பொருள் ஒன்றன்பின் ஒன்றாக நிறக்கட்டங்களைக் காட்ட, கருவி அவற்றை அளக்கிறது. முதலில் ஒளிர்வையும் வெண்மையையும் நாம் குறித்த இலக்கிற்குக் கொணர்கிறோம். எஞ்சிய வேறுபாடுகளை மென்பொருள் அளந்து ஒரு கோப்பில் பதிகிறது. திரையின் தன்மை காலப்போக்கில் மாறுமாதலின், திங்கள்தோறும் இதனை மீளச் செய்தல் நலம்.

திருத்தமும் விவரிப்பும்

இங்கு இரு செயல்களைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. திரையை இலக்கிற்குக் கொணர்தல் திருத்தம்; அத்திரை நிறங்களை உள்ளபடி எவ்வாறு காட்டுகிறது என்று பதிதல் விவரிப்பு. முன்னது விதி கூறும் இலக்கணம் போன்றது. பின்னது வட்டார வழக்கைப் பதியும் அகராதி போன்றது. வட்டார வழக்கை அறிந்தவரே அதனைப் பொதுவழக்கிற்குப் பிழையின்றிப் பெயர்க்க இயலும். அதுபோல, விவரக்கோப்பைப் பெற்ற மென்பொருளே படத்தின் எண்களை அத்திரைக்கு ஏற்பப் பெயர்த்துக் காட்டுகிறது. 1993இல் நிறுவப்பட்ட பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பு இக்கோப்புகளுக்குப் பொது வடிவம் தந்தமையால், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்கின்றன.

கருவியின் எல்லை

அளவுதிருத்தம் படத்தைத் திருத்துவதன்று. படத்தை உள்ளவாறு காண உதவுவது மட்டுமே. உள்ளவாறு கண்டபின்னும் ஒரு வினா எஞ்சுகிறது: பழைய அச்சே உண்மையான நிறத்தைக் காட்டியதா? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சுக்கூடங்கள் மேனிநிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனத்தின் ஷெர்லி அட்டைகளைப் பயன்படுத்தின. அவற்றில் இருந்தவர் வெள்ளையினப் பெண். அளவுகோலே ஒரு மேனியை மையமாகக் கொண்டிருந்தபோது, பிற மேனிகள் செம்மையாகப் பதிவாகாமற் போனதில் வியப்பில்லை.

ஆகவே, வருடிய மூலக்கோப்பை மாற்றாது தனியே காத்து, படியொன்றிலேயே திருத்தம் செய்தல் வேண்டும். அளந்த திரையில் அதனை அம்முகத்தை நேரிற் கண்ட மூத்தோர்க்குக் காட்டி அவர்தம் கருத்தையும் கேட்டல் வேண்டும். வெளுப்பே அழகென்னும் எண்ணம் இன்னும் நம்மிடையே முற்றும் மறையவில்லை. அது மீட்புப்பணியில் நம் கையை இயக்கக்கூடும். கருவி திரையின் சாய்வை அளந்து சொல்லும்; நம் மனத்தின் சாய்வை நாமே அளத்தல் வேண்டும். முன்னோரை அவர்கள் இருந்த நிறத்திலேயே வருந்தலைமுறைக்குக் கையளிக்க இவ்விரண்டும் தேவை.