நடுவயதில் ஏற்கும் தலைமை

நாற்பது வயதை நெருங்கியவர்கள் பழகிய தொழிலை விட்டு வேறொன்றை மேற்கொள்ளும்போதும், பிறரை நடத்தும் பொறுப்பு முதன்முதலாகத் தம்மேல் வந்து சேரும்போதும், துணைநின்று வழிகாட்டுவதையே ஒரு தனி வித்தையாகப் பயின்றவர்கள் இன்று கொழும்பிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அவர்கள் உபதேசம் செய்வதில்லை. வந்தவரைப் பேசவைத்து, அவர் ஈட்டிய அனுபவத்தில் புதிய பணிக்கு உதவுவது எது, கைவிட வேண்டியது எது என்பதை அவரே கண்டுகொள்ளும்படி கேள்விகளைத் தொடுக்கிறார்கள். அதிகாரமும் அனுதாபமும் ஒன்றையொன்று விழுங்கிவிடாத பக்குவத்தைத்தான் சமநிலையான தலைமை என்கிறார்கள்.

தலைமைக்குப் பயிற்சி என்பது இலங்கையின் தேயிலை மலையகத்துக்குப் புதிதன்று. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத் துரையாக விரும்பிய இளைஞன், 'கிரீப்பர்' என்ற பெயரில் ஒரு பெரிய துரையிடம் பணம் கட்டிச் சேர்ந்து, விடியற்காலையில் ஆளெடுக்கும் பிரட்டுக்கு எழுந்து, கவ்வாத்து முதல் கணக்குப் புத்தகம் வரை கற்று, தமிழும் பயின்ற பின்னரே சின்ன துரையானான். அவர்களுக்கென எழுதப்பட்ட தமிழ்ப் பாடநூல் ஒன்றின் பெயர் 'இங்கே வா'. ஏவுவதற்கு வேண்டிய தமிழ் கிடைத்தது. எதிரே நிற்பவன் சொல்வதை இருந்து கேட்கும் பொறுமையையும் அந்தக் கல்வி கொடுத்திருக்குமா என்பது என் சந்தேகம்.

அந்தப் பொறுமையை நடுவயதில் கற்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, ஆசிரியராயிருந்து, 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர் அவர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமையைப் பறித்துவிட, 1952இல் அவரை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டிய மக்களே வாக்காளர் இடாப்பில் இல்லாமற் போயினர். பதவி போன மனிதர் பழைய பெருமையைப் பேசிக்கொண்டே எஞ்சிய காலத்தைக் கழித்திருக்கலாம். நம்மில் பலர் அப்படித்தான் செய்கிறோம். அவரோ தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக எழுதினார், சக்தீ அ. பால ஐயா அதைத் தமிழாக்கினார். பின்னர் தமிழிலேயே 'வீடற்றவன்' முதலிய நாவல்களைப் படைத்தார்; தொழிற்சங்கப் பணியையும் தொடர்ந்தார். மேடையில் மக்களுக்காகப் பேசியவர், அம்மக்களின் வாயிலிருந்த பாடல்களைத் தாம் கேட்டுக் கேட்டுத் திரட்டி, 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாகத் தந்தார். பதவியிலிருந்த ஐந்தாண்டுகளைவிட இந்தப் பிற்காலத்தையே அவருடைய தலைமையின் சிறந்த பகுதியாக நான் மதிக்கிறேன்.

எல்லாருக்கும் அத்தகைய இயல்பு அமைவதில்லை; பலர் அதைக் கற்றுத்தான் ஆகவேண்டும். இன்று சில தோட்டங்களில் பெண்களைக் கங்காணிகளாக நியமிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கொழுந்து பறிப்பவர்களில் பெண்களே மிகுதி என்றிருக்க, இது மிகவும் தாமதமாக வந்த நியாயம். ஆனால் இருபது வருஷம் நிரையில் நின்று கூடை சுமந்த ஒருத்தி, ஒருநாள் காலையில் அதே நிரைக்கு மேற்பார்வையாளராகும்போது அவள் படும் சங்கடத்தை யோசித்துப் பாருங்கள். மாலை நிறுவையில், அதே லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருப்பவளுடைய கொழுந்து இரண்டு கிலோ குறைகிறது; அரைப்பேர்தான், அதாவது அரைநாட் சம்பளம்தான், விழும். "அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால்தான் பிந்தி வந்தேன்" என்கிறாள் அவள். தராசுக்கு அப்பால் கணக்குப்பிள்ளை பேனாவோடு நிற்கிறார். விட்டுக்கொடுத்தால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். கடிந்து பேசினால் இரவு லயத்தில் முகம் கொடுக்க முடியாது. அந்த வேளையில் என்ன சொல்வது, எந்தத் தொனியில் சொல்வது, துரையிடம் எதை எடுத்துரைப்பது என்பதெல்லாம் கற்கக்கூடிய விஷயங்களே.

பெருந்தோட்ட முகாமைத்துவத்துக்கென நாட்டில் ஒரு தேசிய நிறுவகம் இருக்கிறது. தோட்டக் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் இருக்கின்றன. புதிதாகக் கங்காணியாகும் ஒவ்வொரு பெண்ணுக்கும், பேர் குறையாத வேலை நேரத்திலேயே, தமிழில், அனுபவமுள்ள ஒரு மூத்த கங்காணியைப் பக்கத்தில் நிறுத்திச் சில மாதங்களாவது பயிற்சி கொடுக்க இவை மூன்றும் முன்வர வேண்டும்.