விலக வேண்டியது தடைதான், நாயல்ல

நாய்களின் 'அஜிலிட்டி' போட்டியைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்பீர்கள். எஜமானர் கைகாட்ட, நாய் கம்புகளைத் தாண்டி, குழாய்க்குள் புகுந்து, சாய்பலகையில் ஏறி இறங்கி, நட்ட குச்சிகளுக்கிடையே வளைந்து ஓடும். 1978-ல் லண்டனில் நடந்த க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டத்தை மகிழ்விக்க, குதிரைகளின் தாண்டல் போட்டியைப் பார்த்து உருவாக்கிய விளையாட்டு இது.

ரயில்வேயில் இருந்தவன் என்பதால் என் கண் முதலில் போவது தடைகளின் அமைப்பின் மேல்தான். கம்பி அறுந்தால் கைகாட்டி தானாகவே அபாய நிலைக்குப் போய்விட வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். பழுது வரலாம், அதனால் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது. இந்த விளையாட்டும் அந்தப் பாடத்தைப் படிப்படியாகக் கற்றிருக்கிறது. தாண்டும் கம்பு, கால் பட்டதும் விழும்படியே வைக்கப்படுகிறது. டயர் வளையம் முன்பெல்லாம் இறுக்கமாக இருக்கும்; இப்போது நாய் மோதினால் பிரிந்து வழிவிடும் வளையங்கள் வந்துவிட்டன. பலகைகள் வழுக்காதிருக்க ரப்பர் துகள் பதிக்கிறார்கள். துணிக்குழாயில் நாய்கள் சிக்கிக் காயமடைந்ததால் அமெரிக்கன் கென்னல் கிளப் 2016-ல் அதை விலக்கிவிட்டது.

இவ்வளவு கவனம் ஏன்? நிற்கும்போதே நாயின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. தாண்டி இறங்கும்போது பாரம் இன்னும் கூடும். நமக்குள்ளதுபோல் தோளைப் பிணைக்கும் காறை எலும்பு நாய்க்கு இல்லை. தசைகள்தாம் பிடித்து நிற்கின்றன. எலும்பு முற்றாத குட்டிக்கு ஆபத்து அதிகம். அதனால்தான் எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய் சம்மேளனம் 18 மாதம் நிரம்பாத நாயைப் போட்டியில் சேர்ப்பதில்லை.

விதிகளுக்கு எட்டாத விஷயம் ஒன்று உண்டு. வலித்தாலும் நாய் சொல்லாது. எஜமானரின் முகத்துக்காக ஓடும். நாள்தோறும் தாண்டிய கம்பை ஒருநாள் தட்டிவிட்டால், தயங்கி நின்றால், அதை அடம் என்று அதட்ட வேண்டாம். அச்சு சூடேறிய பெட்டியை வண்டியிலிருந்து கழற்றிவிடுவோம் அல்லவா? அதுபோல ஓட்டத்தை நிறுத்திக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் ஃப்ளாட்டுகளிலும் பிள்ளைகள் டி.வி. பார்த்துவிட்டு நாயைத் தாண்டப் பழக்குகிறார்கள். பழக்கட்டும். ஆனால் வழுக்கும் மொசைக் தரையில் வேண்டாம். புல்தரையில், தாழ்ந்த கம்பில், தட்டினால் விழும்படி வைத்துப் பழக்கட்டும். மூச்சிரைத்துத்தான் நாய் உடற்சூட்டைத் தணிக்கிறது. ஆகவே வெயில் ஏறுமுன் முடித்துத் தண்ணீர் வையுங்கள். அதற்கு விருப்பமில்லாத நாளில் லீவு கொடுங்கள். கோப்பை நமக்குத்தான் பெருமை. அதற்கு விளையாட்டே பரிசு.