சிறு குழாயும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளர்களே,



பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்கள் நமது மருத்துவமனைக்கு வருகிறார்கள். கால்கள் செயலிழந்தது எல்லாருக்கும் தெரிகிறது. சிறுநீர்ப்பையும் செயலிழந்திருப்பது வெளியே தெரிவதில்லை. ஆகவே சிறுநீரை வெளியேற்ற, நுனியில் சிறு பலூன் உள்ள குழாயைச் செலுத்துகிறோம். 1930களில் இதை உருவாக்கிய அமெரிக்க மருத்துவர் ஃபோலியின் பெயரால் இது இன்றும் அழைக்கப்படுகிறது.

"புதுக் குழாய்தானே போட்டீர்கள்? பிறகு ஏன் குளிர்காய்ச்சல்?" என்று நோயாளியின் வீட்டார் கேட்பதுண்டு. அதற்கான பதிலை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

நாம் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் உள்ளே நுழையப் பார்க்கும் கிருமிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. குழாய் வைத்ததும் இந்தக் காவல் போய்விடுகிறது. பெரும்பாலும் நோயாளியின் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற கிருமிகளே குழாயின் வெளிப்புறமாக மேலேறுகின்றன. பையைக் கழற்றும்போதும் காலி செய்யும்போதும் குழாயின் உட்புறமாகவும் நுழைகின்றன.

கிணற்றுப் படியில் பாசி பிடிப்பதுபோல, அவை குழாயில் ஒட்டிக்கொண்டு வழுவழுப்பான படலத்தை உண்டாக்குகின்றன. அதற்குள் இருக்கும் கிருமிகளை மருந்து எளிதில் அழிப்பதில்லை. குழாய் உள்ள ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேருகிறது. ஒரு மாதமானால் ஏறக்குறைய எல்லாருக்குமே சேர்ந்துவிடும்.

புரோட்டியஸ் என்ற கிருமி இன்னும் பொல்லாதது. அது யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. அதனால் வெந்நீர்ப் பானையில் உப்புப் படிவதுபோல, மக்னீசியம், கால்சியம் உப்புகள் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். தேங்கிய சிறுநீர் சிறுநீரகத்துக்குத் திரும்பும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. முதல் உலகப் போரில் முதுகுத்தண்டு முறிந்த வீரர்கள் பலர் சிறுநீர்த் தொற்றினாலேயே மடிந்தார்கள்.

இதைத் தடுக்க வழியுண்டு. தேவையில்லாமல் குழாய் வைப்பதில்லை. வைத்தாலும் கூடிய சீக்கிரம் எடுத்துவிடுகிறோம். கைகளைக் கழுவிய பின்பே குழாயைத் தொடுகிறோம். பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிடுகிறோம், ஆனால் தரையில் படவிடுவதில்லை. பையையும் குழாயையும் காரணமின்றிக் கழற்றுவதில்லை. சிறுநீரில் கிருமி தெரிந்தாலும், காய்ச்சல் முதலிய அறிகுறிகள் இல்லையென்றால் பொதுவாக மருந்து கொடுப்பதில்லை. வீணாகக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகளே மிஞ்சும். காய்ச்சல் கண்டால், பல நாள் இருந்த குழாயை மாற்றிவிட்டு மருந்து கொடுக்கிறோம்.

கைகள் நன்றாக இயங்குகிறவர்களுக்கு, நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை தாங்களே குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றி, உடனே எடுத்துவிடக் கற்றுக்கொடுக்கிறோம். 1972ல் டாக்டர் லேப்பிடஸ் என்பவர் எடுத்துரைத்த இம்முறையில் தொற்று குறைகிறது. வேலைக்கும் ஆலயத்துக்கும் பையைச் சுமந்து போக வேண்டியதில்லை.

அன்பானவர்களே, குழாய் விலை உயர்ந்த கருவி அல்ல. ஆனால் வருமானம் நின்றுபோன ஒரு குடும்பத்துக்கு அதுவும் பாரமே. உங்கள் காணிக்கை ஒரு குழாயாக, ஒரு பையாக, வீடு தேடிச் சென்று கற்றுக்கொடுக்கும் ஒரு செவிலியரின் பயணச் செலவாக மாறுகிறது. படுக்கையிலிருக்கும் இவர்களுக்காகவும், அவர்களைப் பராமரிக்கும் மனைவிமார், தாய்மாருக்காகவும் ஊக்கமாய் ஜெபியுங்கள்.

அவருடைய ஊழியத்தில்,
மருத்துவமனைக் குடும்பத்தார்