இணையத்தில் நெரிசல் ஏன்?

தோட்டப்புறங்களில் இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. பிள்ளைகளின் பள்ளிப் பாடம், வெளியூரிலுள்ள மகனுடன் உரையாடல், வங்கிக் கணக்கு ஆகிய பலவும் அதன் வழியே நடைபெறுகின்றன. ஆயினும், விடியற்காலையில் விரைந்து இயங்கும் இணையம் இரவு எட்டு மணிக்கு நகர மறுக்கிறது என்றும், மாதக் கட்டணம் மட்டும் குறைவதில்லை என்றும் நம்மவர் பலர் குறைப்படுகின்றனர். சந்தாதாரர் பெருகும் அளவுக்கு நிறுவனங்களின் இணையத் திறனும் பெருகுகின்றதா? இதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

பால் நிறுக்கும் கொட்டகையை எண்ணிப் பாருங்கள். அங்கிருப்பது ஒரே தராசு. ஐம்பது பேர் கொண்டு வரும் பாலைத் தடையின்றி நிறுத்துவிடலாம். மரம் வெட்டுவோர் நூறு பேரானால் வரிசை நீளும். ஆட்தொகை கூடாமல், ஒவ்வொருவரும் இரு மடங்கு பால் கொண்டு வந்தாலும் வரிசை நீளவே செய்யும். இரண்டாவது தராசு வைத்த பின்னரும், பாலை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஒன்றே எனில், தேக்கம் இடம் மாறுமேயன்றித் தீராது.

இணையமும் இவ்வாறே. தொலைத்தொடர்புக் கோபுரமே தராசு. அதனை வெளியுலகுடன் இணைக்கும் ஒளியிழை அல்லது நுண்ணலை இணைப்பே லாரி. 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைப் பயன்படுத்தும் 4ஜி கோபுரம், இரட்டை அலைவாங்கி முறையில், ஒரு திசைக்கு நொடிக்கு ஏறத்தாழ 150 மெகாபிட் அனுப்ப இயலும். இஃது ஏட்டளவிலான உச்சம். மேலும், அஃது ஒருவருக்கே உரியதன்று. அத்திசையிலுள்ள அனைவருக்கும் பொதுவானது. தெளிவான காணொளி ஒன்றுக்கு 5 மெகாபிட் தேவை எனக் கொண்டால், 30 பேர் பார்க்கத் தொடங்கியதும் அவ்வுச்சம் தீர்ந்துவிடும். குன்றும் மரச்செறிவும் மறைப்பதால் அலை மெலிந்துள்ள வீட்டுக்கு அதே காணொளியை அனுப்பக் கோபுரம் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். ஆதலால் உண்மையில் அத்தொகை இன்னும் குறையும்.

எல்லாச் சந்தாதாரரும் ஒரே நொடியில் இணையத்தைப் பயன்படுத்துவதில்லை. எனவே, திறனைப் பலருக்கும் பகிர்ந்து வழங்குவது தவறன்று. கட்டணம் நமக்கு எட்டும் அளவில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகும். உச்ச நேரத் தேவையைக் கணக்கிட்டு, அதற்கேற்பத் திறனைக் கூட்டாமல் சந்தாதாரரை மட்டும் சேர்த்துக்கொண்டே போவதுதான் தவறு.

சந்தாதாரர் தொகையை மட்டும் எண்ணுவதும் போதாது. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, சந்தாதாரர் ஒரே வாரத்தில் பன்மடங்கு பெருகிவிடவில்லை. ஆனால் பள்ளியும் அலுவலகமும் வீட்டுக்குள் வந்தன, பயன்பாடு பெருகியது, வேகம் தளர்ந்தது.

அவ்வாண்டிலேயே அரசாங்கம் ஜெண்டேலா திட்டத்தைத் தொடங்கியது. மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி சேவையை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்துவது, 2022 இறுதி வரையிலான முதற்கட்டத்தின் இலக்குகளுள் ஒன்று. 2021 இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டு, அதன் அலைக்கற்றையை 4ஜிக்குப் பயன்படுத்த வழி செய்யப்பட்டது. இவை நல்ல முயற்சிகள். எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அலை எத்தனை வீடுகளை எட்டுகிறது என்பதையே அவ்விழுக்காடு கூறும். இரவு எட்டு மணிக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு கிடைக்கிறது என்பதை அது கூறாது.

அதனை அறியும் வழி நம் கையிலேயே உள்ளது. வேகத்தை அளக்கும் இலவசச் செயலிகள் பல உள்ளன. வேலைக்குப் புறப்படுமுன் காலை ஐந்து மணிக்கும், இரவு எட்டு மணிக்கும் ஒரே இடத்தில் நின்று அளந்து, ஒரு வாரம் குறித்து வையுங்கள். இரு வேளையும் வேகம் குறைவு எனில், அலை மெலிந்திருத்தல் கூடும். காலையில் மிகுந்தும் இரவில் குறைந்தும் காணப்பட்டால், அது பெரும்பாலும் நெரிசலே. புதிய கைத்தொலைபேசி வாங்குவதால் தீராது.

அக்குறிப்புடன் முதலில் சேவை நிறுவனத்திடம் முறையிடுங்கள். தக்க விடை கிடைக்காவிடின், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். சேவைத் தரத்துக்கான கட்டாய விதிகளை வகுத்துள்ள அமைப்பு அது. ஒரு வீட்டார் தனித்துக் கூறுவதைவிட, ஒரே லயத்திலுள்ள பத்து வீட்டார் நாளும் நேரமும் குறித்துக் கூறுவது வலிமை மிக்கது.

புதிதாகச் சந்தா சேர்வோர் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அதன் முன் சிறிய எழுத்தில் நிற்கும் ‘செஹிங்கா’ என்னும் மலாய்ச் சொல்லையும் படியுங்கள். ‘அவ்வளவு வரை’ என்பதே அதன் பொருள். ‘அவ்வளவு உறுதி’ என்பதன்று. கையொப்பமிடுமுன், அதே சேவையைப் பெற்றுள்ள அண்டை வீட்டாரிடம் இரவு நேர வேகத்தைக் கேட்டறிவது நலம். உழைத்து ஈட்டிய பணத்துக்குரிய சேவையைக் கேட்டுப் பெறுவது நமது உரிமையாகும்.