ஒரே மேடை, இரண்டு பேச்சு... ஒப்பீட்டுக் கட்டுரை எழுத பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?

'கீழ்க்காணும் இரண்டு உரைகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுக.'

பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி வந்தால் பல பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? முதல் பக்கத்தில் முதல் பேச்சின் சுருக்கம். அடுத்த பக்கத்தில் இரண்டாவது பேச்சின் சுருக்கம். கடைசியாக, 'இரண்டு உரைகளுமே மிகச் சிறப்பாக அமைந்துள்ளன' என்று ஒரு வரி. அவ்வளவுதான்!

இதில் ஒப்பீடு எங்கே இருக்கிறது? இரண்டு சுருக்கங்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவே. ஒரு பேச்சு ஏன் ஜெயித்தது, இன்னொன்று ஏன் தோற்றது என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கும்போதுதான் ஒப்பீடு பிறக்கிறது.

இது மார்க் விஷயம் மட்டும் இல்லை. தேர்தல் மேடை, விளம்பரம், வாட்ஸ்அப்பில் வரும் ஆவேச வீடியோ என்று நாள் முழுக்க யாரோ ஒருவர் நம்மைத் தன் பக்கம் இழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார். அந்தப் பேச்சு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கஷ்டம்.

பழகிப் பார்க்க ஓர் அருமையான ஜோடி இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தில், மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. சீஸர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் முதலில் பேசுகிறார். சீஸரின் நண்பரான ஆண்டனி அடுத்து பேசுகிறார். அதே மேடை, அதே கூட்டம். புரூட்டஸ் முடித்ததும் அவரையே அடுத்த சீஸராக்கச் சொல்லி ஆரவாரம் செய்த ஜனங்கள், ஆண்டனி முடித்ததும் புரூட்டஸின் வீட்டைக் கொளுத்தக் கிளம்புகிறார்கள். நடுவில் என்ன நடந்தது? கட்டுரை பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

முதலில் காது, பிறகு பேனா

பேச்சு என்பது கேட்பதற்காக உருவானது. அதனால் முதலில் சத்தமாக வாசிக்க வேண்டும். வீட்டிலேயே செய்யலாம். அக்கா புரூட்டஸ், தம்பி ஆண்டனி, மற்றவர்கள் கூட்டம். வாசித்து முடித்ததும், 'எந்த இடத்தில் உன் மனசு மாறியது?' என்று கேளுங்கள். பிள்ளை காட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. கட்டுரையின் விதை அங்கேதான் இருக்கிறது.

நோட்டில் மூன்று வரிசை

மக்களை நம்ப வைக்க மூன்று வழிகள் இருப்பதாக 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் வகுத்தார். பேசுபவர் மீது வரும் நம்பிக்கை, அவர் சொல்லும் காரணம், அவர் கிளப்பும் உணர்ச்சி. நோட்டுப் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் புரூட்டஸ், மறுபக்கம் ஆண்டனி என்று எழுதி, இந்த மூன்றையும் வரிசையாக நிரப்பச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: புரூட்டஸ் தன் கௌரவத்தை முன்வைத்து, அதற்காகத் தன்னை நம்பச் சொல்கிறார். ஆண்டனியோ, தனக்குப் பேசவே வராது, தான் ஒரு வெகுளி என்கிறார்.

காரணம்: சீஸருக்குப் பேராசை இருந்தது என்கிறார் புரூட்டஸ். ஆனால், அதற்கு ஒரு உதாரணம்கூடத் தரவில்லை. ஆண்டனி மூன்று தருகிறார். கைதிகளை மீட்கக் கிடைத்த பணத்தை சீஸர் அரசு கஜானாவில் சேர்த்தது, ஏழைகளின் அழுகைக்கு அவரும் அழுதது, மூன்று முறை நீட்டப்பட்ட கிரீடத்தை மறுத்தது.

உணர்ச்சி: நாட்டுப்பற்றைத் தொட்டதோடு புரூட்டஸ் நின்றுவிடுகிறார். ஆண்டனி மேடையை விட்டு இறங்கி வந்து, கத்திக்குத்து விழுந்த மேலங்கியைக் காட்டுகிறார். பிறகு உடலையே காட்டுகிறார். கடைசியாக, ஒவ்வொரு குடிமகனுக்கும் 75 டிராக்மா எழுதிவைத்திருக்கும் சீஸரின் உயிலை வாசிக்கிறார்.

ஒரு வரி போதும்

இப்போது கட்டுரையின் மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். 'இருவரும் பல உத்திகளைக் கையாண்டனர்' என்பது எந்தப் பேச்சுக்கும் பொருந்தும். அதனால் அது எதையும் சொல்லவில்லை. 'புரூட்டஸ் கூட்டத்தைத் தன்னை நம்பச் சொல்கிறார். ஆண்டனி அதைத் தன் கண்ணையே நம்ப வைக்கிறார்.' இது கருத்து. மறுக்கவும் செய்யலாம், நிரூபிக்கவும் செய்யலாம்.

பிறகு பத்திகள். ஆளுக்கு ஒரு பத்தி கூடாது. நம்பிக்கைக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று, உணர்ச்சிக்கு ஒன்று என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் இருவரும் வர வேண்டும். 'இதற்கு மாறாக', 'அதே வழியை ஆண்டனி திருப்பிப் போடுகிறார்' போன்ற இணைப்புகள் தானாக வந்து விழும்.

'அதனால் என்ன?'

பிள்ளைகள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'ஆண்டனி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்' என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். 'அதனால் என்ன?' என்று கேளுங்கள். புரூட்டஸை மதிப்புக்குரியவர் என்று ஆண்டனி முதலில் சொல்லும்போது அது பாராட்டு. சீஸரின் நல்ல செயல் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அதே சொல்லுக்குத் திரும்பும்போது மெல்ல மெல்ல அது கேலியாகிறது. கொன்றவர்களைக் குறை சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் புரூட்டஸ் அவரைப் பேசவே விட்டார். ஆக, பாராட்டுவது போலவே குற்றம் சாட்ட ஆண்டனிக்குக் கிடைத்த வழி இது. இவ்வளவையும் எழுதினால்தான் அது ஆய்வு.

ஜெயித்தவரையும் சந்தேகப்படு

இங்கேதான் பாடத்தின் முக்கியமான பகுதி வருகிறது. பெரும்பாலும் பிள்ளைகள் ஆண்டனியின் ரசிகர்களாகிவிடுவார்கள். அப்போது ஒரு கேள்வி போடுங்கள். மேலங்கியில் உள்ள ஓட்டைகளைக் காட்டி, இது காஸியஸ் குத்தியது, இது புரூட்டஸ் குத்தியது என்கிறாரே ஆண்டனி... அவர் அந்த இடத்தில் இருந்தாரா? இல்லை! கொலைக்குச் சற்று முன்பே அவரை வெளியே அழைத்துப் போய்விட்டார்கள். எந்த ஓட்டை யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. எந்த உயிலைக் காட்டி ஜனங்களைக் கொதிக்க வைத்தாரோ, அதே உயிலைக் கொண்டுவரச் சொல்லி, கொடுக்க வேண்டியதில் எதைக் குறைக்கலாம் என்று யோசிக்கிறார் ஆண்டனி. நான்காம் அங்கத்தின் முதல் காட்சியிலேயே!

ஒரு பேச்சு திறமையானதா, நேர்மையானதா என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பிள்ளையின் முடிவுரையில், 'இரண்டுமே சிறப்பு' என்ற வரிக்கு இடமே இருக்காது.

பேச்சு முடிந்த அடுத்த காட்சியை மறக்காமல் வாசிக்கச் சொல்லுங்கள். வெறிபிடித்த கூட்டம் தெருவில் சின்னா என்ற கவிஞரை மடக்குகிறது. கொலைகாரர்களில் ஒருவர் பெயரும் சின்னா. 'நான் அவன் இல்லை, நான் கவிஞன்' என்று அவர் கதறுகிறார். யாரும் கேட்பதில்லை. சற்று முன்பு கைதட்டிய அதே கைகள் அவரைக் கிழித்துப் போடுகின்றன.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவராவது, 'அந்த ஓட்டை யாருடையது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று ஆண்டனியிடம் கேட்டிருந்தால்? கட்டுரை எழுதப் பழகும் பிள்ளை, அந்த ஒருவராக இருக்கத்தான் பழகுகிறது.