யாருக்குப் பொருந்தும் தொலைநிலைக் கல்வி?

கல்வியும் தெரிவும் – 9

கல்லூரிக்குச் சென்று படிப்பதா, வீட்டிலிருந்தபடியே படிப்பதா என்ற கேள்வி தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பெரும்பாலும் கட்டணத்தையும் நேரத்தையும் மட்டும் கணக்கிட்டு முடிவு செய்யப்படுகிறது. இரண்டும் தள்ளிவிடத் தக்கவை அல்ல. ஆயினும், வகுப்பறை ஒரு மாணவருக்காக ஓசையின்றிச் செய்துவரும் வேலைகள் எவை, வகுப்பறை இல்லாதபோது அவற்றை யார் செய்யப்போகிறார் என்பதைக் கேட்காமல் எடுக்கப்படும் முடிவு பாதி முடிவே. குறித்த நேரத்தில் புத்தகத்தைத் திறக்க வைப்பது, பெரிய பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துத் தருவது, புரியாமல் விழிக்கும் முகத்தைக் கண்டு மறுமுறை விளக்குவது, தேர்வு நெருங்குகிறது என்பதைச் சக மாணவர்களின் பரபரப்பாலேயே உணர்த்துவது ஆகியவை எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாதவை. தொலைநிலைக் கல்வியில் இவற்றின் பெரும்பகுதி ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கைமாறுகிறது. அதன் கட்டணம் குறைவாக இருப்பதற்கு இந்தக் கைமாற்றமும் ஒரு காரணம் என்பதைச் சேர்க்கை விளம்பரங்கள் சொல்வதில்லை.

இம்முறையின் வரலாறு தபால் நிலையத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல்கட்டணம் நடைமுறைக்கு வந்த 1840-ஆம் ஆண்டிலேயே ஐசக் பிட்மேன் தம் சுருக்கெழுத்து முறையை அஞ்சல் மூலம் கற்பிக்கத் தொடங்கினார். 1858-இல் லண்டன் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் பயிலாதவர்களும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழிசெய்தது. இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இலும், தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் இவ்வழியில் இறங்கின. அச்சிட்ட பாடங்களைத் தபாலில் அனுப்பிய அந்தக் காலத்து முறைக்கு அஞ்சல்வழிக் கல்வி என்று பெயர். அதனுடன் வார இறுதித் தொடர்பு வகுப்புகள், ஒப்படைவுகள், ஒலி–ஒளிப் பாடங்கள் ஆகியவை சேர்ந்தபோது அது தொலைநிலைக் கல்வி ஆயிற்று. பாடம், கலந்துரையாடல், மதிப்பீடு ஆகியவற்றின் பெரும்பகுதி இணையத்திலேயே நடக்கும் பட்டப்படிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு 'இணையவழிப் படிப்பு' என்று தனியாக வகைப்படுத்துகிறது. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'கரஸ்' என்று ஒரே கூடையில் போடுவது இன்றும் தொடர்கிறது.

திறந்தநிலைக் கல்வி என்பது இவற்றிலிருந்து வேறுபட்டது. அது பாடம் வந்து சேரும் வழியைக் குறிக்காமல், சேர்க்கைக்கான முன்தகுதியைத் தளர்த்துவதைக் குறிக்கிறது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் நிறுவப்பட்டு 1971-இல் முதல் மாணவர்களை ஏற்றது. அந்த முன்மாதிரியில் ஹைதராபாதில் 1982-இலும், நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக 1985-இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக 2002-இலும் இங்கே நிறுவனங்கள் எழுந்தன. பள்ளிப்படிப்பு இடையில் நின்றவர்களுக்கு இந்தத் தளர்வு பெரிய வாய்ப்பாக இருந்தபோதிலும், அதில் ஒரு சிக்கலும் மறைந்திருந்தது. முதல் பட்டம் பெறாமலேயே திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லத்தக்கதன்று என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் அல்லது அதற்கு இணையான படிப்பையும் முறையாக முடித்தபின் பெற்ற பட்டமே அரசுப் பணிக்குக் கொள்ளப்படும் என்ற நிலைப்பாட்டைத் தமிழ்நாடு அரசும் எடுத்தது. ஆகவே, படிப்பில் சேர முடிவது வேறு, படித்த படிப்பு ஏற்கப்படுவது வேறு என்ற வேறுபாட்டை, குறிப்பாக அரசுத் தேர்வுகளை மனத்தில் கொண்டவர்கள், விண்ணப்பம் வாங்கும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

தொலைவு என்பதைக் கிலோமீட்டரில் அளப்பது கல்வியில் அதிகம் பயன்படுவதில்லை என்பதை அமெரிக்கக் கல்வியாளர் மைக்கேல் மூர் 1970-களிலிருந்து வளர்த்தெடுத்த கோட்பாடு விளக்குகிறது. 'பரிமாற்றத் தொலைவு' என்று தமிழில் சொல்லத்தக்க அக்கருத்தின்படி, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே புரிதலில் ஏற்படும் இடைவெளியே உண்மையான தொலைவு. அது மூன்று கூறுகளைப் பொறுத்துக் கூடும் அல்லது குறையும். முதலாவது, இருவருக்கும் இடையே நடக்கும் உரையாடல். இரண்டாவது, பாடத்தின் கட்டமைப்பு, அதாவது மாணவரின் தேவைக்கேற்ப வளையாமல் முன்கூட்டியே அது எவ்வளவு இறுக்கமாக வகுக்கப்பட்டுள்ளது என்பது. மூன்றாவது, எதை எப்போது எப்படிப் படிப்பது என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்ளும் கற்பவரின் தன்னாட்சி. உரையாடல் குறைந்து கட்டமைப்பு இறுகும்போது தொலைவு கூடுகிறது. கூடிய தொலைவைக் கடக்க அதற்கேற்ற தன்னாட்சி தேவைப்படுகிறது. இருநூறு பேர் அமர்ந்த கல்லூரிக் கூடத்தின் கடைசி வரிசைக்கும் ஆசிரியருக்கும் இடையே இருக்கும் தொலைவு, வாரம் ஒருமுறை தம் ஒப்படைவைத் திருத்தி எழுதித்தரும் ஆசிரியரிடம் படிக்கும் தொலைநிலை மாணவருக்கு இருப்பதைவிட அதிகமாக இருக்கக்கூடும் என்பது இக்கோட்பாட்டிலிருந்து பெறப்படும் முடிவு. நேர்மையாகச் சொன்னால், நம் ஊர்த் தொலைநிலைப் படிப்புகள் பலவற்றில் ஒப்படைவு திருத்தப்பட்டு விளக்கக் குறிப்புடன் திரும்பி வருவது அரிதாகவே இருக்கிறது. மதிப்பெண் வரும், விளக்கம் வராது.

இதனால்தான் பாடத்தின் இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது. வரலாறு, அரசியல் அறிவியல், பொது நிர்வாகம், தமிழ் இலக்கியம் போன்றவற்றில் நல்ல நூலும் பழைய வினாத்தாளும் பொறுமையும் இருந்தால் பெருந்தூரம் போய்விடலாம். வணிகவியலில் கணக்குப்பதிவு அடிப்படைகளை ஏற்கெனவே கடையிலோ அலுவலகத்திலோ கையாள்பவருக்குப் பாடநூல் பழகிய இடமாகவே தோன்றும். கணிதமோ வேறு. ஒரு நிரூபணத்தின் நடுவில் தடுக்கிவிழுந்தவருக்கு, எந்த வரியில் தவறியது என்று உடனே காட்ட ஓர் ஆள் இல்லையெனில், அந்த ஓர் அத்தியாயமே படிப்பை நிறுத்திவிடும். ஆங்கிலம் பேசப் பழகுவதற்காக ஆங்கில இலக்கியத்தில் தொலைநிலைப் பட்டம் பெற நினைப்பவர்கள் நம்மிடையே ஏராளம். தேர்வெழுதிப் பெறும் அந்தப் பட்டத்தால் பேச்சு வந்துவிடுவதில்லை. செய்முறை தேவைப்படும் துறைகளின் கதவைச் சட்டமே மூடிவைத்துள்ளது: பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், செவிலியர் படிப்பு, மருந்தியல், கட்டடக்கலை, வேளாண்மை, சட்டம் ஆகியவற்றைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்க மானியக் குழு அனுமதிப்பதில்லை, 2025-இல் உளவியல், நுண்ணுயிரியல், உணவு–ஊட்டச்சத்து அறிவியல் போன்றவையும் இப்பட்டியலில் சேர்ந்தன, முனைவர் பட்டமும் இவ்வழியில் பெற முடியாது.

தன்னாட்சி என்ற சொல் உயர்ந்த பண்புபோல ஒலித்தாலும், அன்றாட வாழ்வில் அது மணிநேரக் கணக்காகவே இறங்கிவருகிறது. 'கிரெடிட்' என்பது ஒரு பாடத்துக்கு மாணவர் செலவிட வேண்டிய உழைப்பின் அளவு. தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் 30 மணிநேரக் கற்றலுக்குச் சமம் என்று கொள்ளப்படுகிறது. வாசிப்பு, ஒப்படைவு எழுதுதல், தொடர்பு வகுப்பு யாவும் இதில் அடங்கும். 80 கிரெடிட் கொண்ட ஈராண்டு முதுகலைப் படிப்பு எனில் 2,400 மணிநேரம். ஒரு வாரமும் விடாமல் படித்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 23 மணிநேரம், அதாவது நாள்தோறும் மூன்று மணிநேரத்துக்கும் மேல். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு இரவு ஏழரைக்கு வீடு திரும்பும் ஒருவரும், இரு பிள்ளைகளையும் முதிய மாமியாரையும் கவனித்துக்கொள்ளும் ஒருவரும் இந்த மூன்று மணிநேரத்தை எங்கிருந்து எடுப்பார்கள் என்பதற்குத் தாளில் எழுதக்கூடிய விடை வேண்டும். 'ஓய்வு நேரத்தில் படித்துக்கொள்ளலாம்' என்பது விடையாகாது. முழுக் கணக்கும் படிக்காமலேயே பலர் தேறிவிடுவதும், தேர்வுக்கு முந்தைய பதினைந்து நாளில் வழிகாட்டி நூல்களை வைத்து ஒப்பேற்றுவதும் உண்மைதான். பதவி உயர்வுக்குத் தாள் மட்டும் போதும் என்பவருக்கு அது போதுமானதாக இருக்கலாம், பாடம் தெரிய வேண்டும் என்பவருக்குப் போதாது. மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க இந்திரா காந்தி பல்கலைக்கழகம் ஆறாண்டுவரை அவகாசம் தருவது, இந்த நெருக்கடியை உணர்ந்த ஏற்பாடே.

இணையவழிக் கல்வி இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று 2012-ஆம் ஆண்டு வாக்கில் உலகெங்கும் பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. எவரும் எத்தனை பேரும் இலவசமாகச் சேரக்கூடிய பாடங்களுக்குத் 'திரள் திறந்தநிலை இணையவழிப் பாடங்கள்' என்று பெயர். மூக் என்ற சுருக்கப் பெயரே பரவலாக வழங்குகிறது. அவ்வாண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் வழங்கிய மின்சுற்றுகள் பற்றிய முதல் பாடத்தில் ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவு செய்தனர். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர், அதாவது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஹார்வர்டும் அந்நிறுவனமும் நடத்திய பாடங்களின் ஆறாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரை, 2017–18-இல் சேர்ந்தவர்களில் சுமார் 3 விழுக்காட்டினரே பாடத்தை முடித்தனர் என்றும், சான்றிதழுக்காகக் கட்டணம் செலுத்தியவர்களிடையே அது 46 விழுக்காடு என்றும் காட்டியது. பணம் கட்டியதால் முடித்தார்களா, முடிக்க வேண்டும் என்ற உறுதி இருந்தவர்களே பணம் கட்டினார்களா என்பதை இந்த எண்கள் மட்டும் சொல்லிவிடாது. இரண்டும் கலந்திருக்க வேண்டும். இலவசப் பாடத்தின் கணக்கைப் பட்டப்படிப்பின் மீது அப்படியே ஏற்றுவதும் முறையாகாது. எனினும், காணொளி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதை நாள்தோறும் திறக்கவைக்கும் ஏதோ ஒரு கடப்பாடு வெளியிலிருந்து வராவிட்டால் பெரும்பாலோர் நின்றுவிடுகின்றனர் என்ற அளவில் இந்த எண்கள் தெளிவானவை.

நன்கு வடிவமைக்கப்பட்ட இணையவழிப் படிப்புகள் இந்தக் கடப்பாட்டைத் தம் அமைப்புக்குள்ளேயே வைக்கின்றன. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜேஇஇ தேர்வு எழுதாதவரும் அதில் விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பித்தவர் நான்கு வாரப் பாடத்தைப் படித்து, வாராவாரம் ஒப்படைவு முடித்து, அதன்பின் தகுதித் தேர்வில் தேற வேண்டும். பாடம் இணையத்தில் நடந்தாலும் முக்கியத் தேர்வுகள் மையங்களில் நேரில் நடக்கின்றன. முழுப் பட்டம்வரை செல்ல இயலாதவர் அடிப்படைச் சான்றிதழுடனோ டிப்ளமோவுடனோ வெளியேறவும் இடமுண்டு. அந்த நான்கு வாரம் நிறுவனம் மாணவரைச் சோதிப்பது போலத் தோன்றினாலும், அம்முறை தமக்கு ஒத்துவருமா என்று மாணவர் தம்மைத்தாமே சோதித்துக்கொள்ளும் காலமாகவும் அது அமைந்துவிடுகிறது. வேறு நிறுவனங்களும் இதைப் பின்பற்றினால் இடைநிற்றல் குறையும். சேர்க்கை எண்ணிக்கையும் குறையும் என்பதால் பின்பற்றுவார்களா என்பது ஐயமே.

அங்கீகாரம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஆனால் சொல்லாமல் விடக்கூடாது. மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, உரிய அனுமதி பெற்ற நிறுவனம் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்கும் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது. அனுமதி, நிறுவனத்துக்கு மட்டுமின்றிக் குறிப்பிட்ட படிப்புக்கும் குறிப்பிட்ட சேர்க்கைப் பருவத்துக்கும் இருக்க வேண்டும். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் தளத்தில் வெளியிடும் பட்டியலில் இம்மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தெருமுனையில் பலகை மாட்டியிருக்கும் சேர்க்கை முகவரின் வாய்மொழி இதற்கு மாற்றாகாது. படிப்பு மையங்களை வெளியாருக்குக் குத்தகை விடுவதே விதிகளுக்குப் புறம்பானது. உரிய ஒப்புதலின்றி நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் குறித்து 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்கள் தனித்தேர்வு எழுதித் தேற வேண்டும் என்றும், அதன்பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் திரும்பப் பெறப்பட்டுக் கட்டணம் திருப்பித் தரப்பட வேண்டும் என்றும் கூறப்பட்டது. கட்டணம் திரும்பிவரலாம், அதற்காகச் செலவிட்ட ஆண்டுகள் வருவதில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, பன்னிரண்டாம் வகுப்பை அப்போதுதான் முடித்து, அரசுக் கல்லூரியில் இடமும் போய்வரும் வசதியும் உள்ள பதினேழு வயது மாணவருக்குத் தொலைநிலைக் கல்வியை முதல் தெரிவாகப் பரிந்துரைக்க இயலாது. அந்த வயதில் தன்னாட்சி இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் திறன். அது உருவாகும் இடங்களில் கல்லூரியும் ஒன்று. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும் அஞ்சல்வழி, தொலைநிலை மாணவிகளுக்குப் பொருந்தாது என்பதால், செலவு மிச்சம் என்ற கணக்கும் அங்கே உடைகிறது. 'பெண்தானே, வீட்டிலிருந்து படிக்கட்டும்' என்று எடுக்கப்படும் முடிவைக் கல்வித் தெரிவு என்றே அழைக்க முடியாது. மாறாக, ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்து வேலையில் இருப்பவர், தம் துறையை ஒட்டிய பாடத்தை எடுப்பவர், ஊரைவிட்டு நகர முடியாத பொறுப்புடையவர், உடல் இயலாமையால் நாள்தோறும் பயணம் செய்ய முடியாதவர் ஆகியோருக்கு இது இரண்டாம்தர ஏற்பாடே அன்று. தமக்கு என்ன தேவை என்று தெரிந்து படிக்கும் அவர்களுக்குச் சில வேளைகளில் வகுப்பறையைவிட நன்றாகவே பயன்படுகிறது.

இடையில் நிற்பவர்கள், அதாவது தம்மால் முடியுமா என்று உறுதியாகத் தெரியாதவர்கள், கட்டணம் செலுத்துவதற்கு முன் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஐஐடிகள் இணைந்து நடத்தும் என்பிடெல்லிலோ ஒன்றிய அரசின் ஸ்வயம் தளத்திலோ தாம் சேர விரும்பும் துறையை ஒட்டிய எட்டு அல்லது பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றை இலவசமாக எடுத்து, வாராந்திர ஒப்படைவுகளைக் கெடுவுக்குள் சமர்ப்பித்து, முடிந்தால் தேர்வுக்கும் பதிவு செய்துகொண்டு இறுதிவரை செல்ல முடிகிறதா என்று பார்க்கலாம். ஆறாவது வாரத்திலும் ஒப்படைவு தவறாமல் போகிறது எனில் துணிந்து சேரலாம். மூன்றாவது வாரத்திலேயே நின்றுவிட்டால், மாலைக் கல்லூரியையோ வார இறுதி வகுப்புகள் ஒழுங்காக நடக்கும் மையத்தையோ தேடுவது நல்லது. தொலைநிலைப் படிப்புகளுக்கு ஆண்டுக்கு இரண்டு சேர்க்கைப் பருவங்கள் இருப்பதால், இப்படிச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சேர்பவர் இழப்பது அதிகபட்சம் ஆறு மாதம்.